டீச்சரின் தோளும் மெஷினின் மகிமையும்

ஒரு பிசியோதெரபி அறையில், ஒலி அலையால் வலி போக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒன்று இருந்தது. ஊரிலுள்ள மூட்டுகளெல்லாம் தன் தயவில்தான் மடங்கி நிமிர்கின்றன என்று அது மனதார நம்பியது.

தையல்நாயகி டீச்சருக்குத் தோள் இறுகி, கரும்பலகையில் எழுதக் கை உயரவில்லை. தினமும் வந்தார். ஜெல் தடவி, மெஷினின் தலையைத் தோளில் ஐந்து நிமிடம் உருட்டுவார்கள். பிறகு சுவரில் கட்டிய ரப்பர் பட்டையை அரைமணி நேரம், கண்ணில் நீர் முட்ட, இழுப்பார். ஆறாவது வாரம் கை தலைக்கு மேல் உயர்ந்தது. டீச்சர் மெஷினைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"பார்த்தியா தம்பி, நம்ம மகிமையை?" என்றது மெஷின்.

"பார்த்தேன் அண்ணே," என்றது பட்டை. இழுபட்டு இழுபட்டு அதற்கு உடம்பெல்லாம் வலி.

மறுநாள் வழக்கமான சோதனைக்கு ரிப்பேர்காரர் வந்து மெஷினைத் திறந்தார். "தலைக்குப் போற வயர் அறுந்து மூணு மாசம் இருக்கும் டாக்டர். விளக்கு மட்டும்தான் எரிஞ்சிருக்கு."

மெஷினின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, பட்டை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து மெஷின் தொண்டையைச் செருமியது.

"வயர் அறுந்துபோயே இவ்வளவு குணமாக்கியிருக்கேன். முழுசா இருந்திருந்தா யோசிச்சுப் பாரு!"