முரசை அடித்தவள்

"ஐயா! என் பிள்ளைய முழுங்கின ஆளு இதோ நிக்கிறாரு. விசாரிங்க!"

முறையீட்டு முரசை அடித்துவிட்டு, ஹான்போக் எனும் கொரிய மரபு உடையை வெள்ளையில் உடுத்திய அந்தப் பெண் கூட்டத்துக்குள் கையை நீட்டினாள்.

மேடையில் உட்கார்ந்திருந்த சாங்தேவுக்குக் குஷியாகிவிட்டது. இன்று முதல் புது நடிகை வருவாள் என்று சொல்லியிருந்தார்கள். வந்த அன்றே என்ன ஒரு நுழைவு! கொரியாவை ஜோசன் ராஜாக்கள் ஆண்ட காலத்துக் கிராமத்தை அப்படியே எழுப்பி வைத்த அந்தத் திறந்தவெளிக் காட்சியகத்தில், தினமும் பத்தரை மணிக்கு அவன்தான் லஞ்சம் வாங்கும் நீதிபதி.

"பிடிங்கடா அவனை!"

காவலன் வேடத்திலிருந்த தோக்சு, அவள் கை காட்டிய இடத்தில் பேத்தியோடு நின்ற ஒரு பெரியவரை இழுத்து வந்தான்.

"விடுங்கப்பா, நேரமாச்சு" என்று அவர் நெளிந்தார். கூட்டம் கைதட்டியது.

"என்னம்மா வேணும் உனக்கு? அவன் தலையா?"

"வேணாங்கய்யா. மெஷின் சரியில்லன்னு என் பிள்ளை மூணு தடவ சொன்னான். இவரு கேக்கல. அவன் செத்தப்புறம், தப்பு அவன் மேலதான்னு எழுதிட்டாரு. 'என் தப்புதான்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. போதும்."

"ராஜா காலத்துல ஏது மெஷினு?" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அதை மட்டும் திருத்தணும் என்று நினைத்துக்கொண்டான் சாங்தே. மற்றபடி அழுகை அசலாக இருந்தது.

பெரியவர் தரையையே பார்த்தார்.

பேத்தி பயந்துபோய்க் கையிலிருந்த பாகு மிட்டாயை நீட்டினாள். "தாத்தாவ விட்ருங்க."

சாங்தே அதை வாயில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஆகா, என்ன ருசி! இவரு உத்தமரு. பொய்ப் புகார் குடுத்த இவளுக்குப் போடு மூணு அடி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் தானே போய்ப் பலகையில் குப்புறப் படுத்தாள். தோக்சு துடுப்பு மாதிரியான தண்டனைத் தடியால் மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுத்தான்.

அவள் எழுந்தாள். "இங்கயுமாய்யா?" என்றாள்.

அதற்குத்தான் பலத்த கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் சாங்தே சொன்னான்: "தோக்சு, அந்தப் புது அம்மாவக் கூப்பிடு. மெஷின்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லணும்."

"புது அம்மாவா? அவங்க பஸ்ஸ விட்டுட்டாங்களாம்ணே, மத்தியானம்தான் வருவாங்க. நான் இவங்கள உங்க ஏற்பாடுன்னுல்ல நினைச்சேன்!"

சாங்தே வாசலைப் பார்த்தான். பேத்தியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பெரியவர் காருக்கு ஓடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண், வாடகைக்கு எடுத்த வெள்ளை உடையை மடித்துக் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாகு மிட்டாய் இன்னும் அவன் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.