கை தூக்கியவர்கள்

மார்ச் பதினான்காம் தேதி மாலை, ஆற்றங்கரைத் தெருவில் இருந்த வாடகைக் கூடத்தில் உட்கார இடமில்லை. கடைசி வரிசையில் சாய ஆலையின் காவலாளி, சீருடையைக்கூடக் கழற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆளைப் பாத்தியா? வம்பு பண்ணத்தான் அனுப்பியிருக்காங்க" என்றார், அன்று திரையிடவிருந்த ஆவணப்படத்தின் இயக்குநர். புரொஜெக்டருக்குள் தலையை விட்டிருந்த அவருடைய கணவர் நிமிரவில்லை. "வம்பு வந்தா பாத்துக்கலாம். முதல்ல படம் ஓடட்டும்."

ஆலை தன் கழிவுநீரை ஆற்றில் விடக் குழாய் பதிக்க அனுமதி கேட்டிருந்தது. குழாய் வந்து விழும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் ஊருக்கே குடிநீர் தரும் கிணறு. அடுத்த வாரம் கருத்துக்கேட்புக் கூட்டம். ஊர் ஒன்றாக எதிர்த்தால் அனுமதி கிடைக்காது.

படம், இதே மாதிரி ஒரு குழாயால் செத்துப்போன வேறோர் ஆற்றைப் பற்றியது. திரையில் ஒரு பெண் வாசலில் ஒதுங்கிய நுரையைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். நுரை திரும்பத் திரும்ப வந்தது.

"பரவால்லடி, சோப்புச் செலவு மிச்சம்!" என்றார் முன்வரிசையில் இருந்த படகுக்காரம்மா. கூடம் சிரித்தது. அதே பெண் தன் குழந்தையின் புண்பட்ட கால்களைக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை.

எந்த ஊரானாலும் இயக்குநர் ஒரே மாதிரிதான் முடிப்பார். பேச்சு கிடையாது. ஆறு நன்றாக இருக்க வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொல்வார். ஒரு புகைப்படம் எடுப்பார்.

கூடத்துக்காரர் மேடையேறி வந்தார். வாடகையே வேண்டாம் என்று கூடத்தைத் திறந்துவிட்ட மனிதர். "இருங்கம்மா, நான் எடுக்கிறேன். என் போன்ல நல்லா விழும், அப்புறம் அனுப்பி வைக்கிறேன்."

போனைத் தூக்கிப் பார்த்தவர் முகம் சுளித்தார். "முன்னால 'ஆற்றைக் காப்போம்'னு துணி பிடிச்சிருக்கீங்களே, அதைக் கீழ வைங்க. மூஞ்சியெல்லாம் மறைக்குது. தம்பி, அந்தப் பின்சுவத்துப் போஸ்டரையும் எடுத்துடுங்க, வெளிச்சம் பட்டுக் கண்ணு கூசுது."

எடுத்தார்கள். கைகள் எழுந்தன.

"ஒரு கை போதுமா தம்பி? நான் ரெண்டையும் தூக்குறேன், எடுத்துக்கோ!" என்றார் படகுக்காரம்மா. கடைசியாக, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, காவலாளியும் கை தூக்கினார்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது இயக்குநர் கணவரின் தோளைத் தட்டினார். "ஆலைக்காரங்க ஆளே கை தூக்கிட்டாரு. இனி என்ன பயம்?"

கருத்துக்கேட்பும் அதே கூடத்தில்தான் நடந்தது. முதலில் எழுந்தவர் படகுக்காரம்மா. "குழாய் வேணாங்கய்யா. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் இதுல சம்மதமில்ல."

அதிகாரி ஆலை மேலாளரைப் பார்த்தார். மேலாளர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சார், பதினாலாம் தேதி இதே ஹால்ல ஊரைக் கூப்பிட்டு எல்லாம் விளக்கிட்டோம். குழாய்க்குச் சம்மதம்னு கை தூக்கினாங்க. ஹால் ஓனரே சாட்சி."

கூடத்துக்காரர் மைக் வயரைச் சுற்றிக்கொண்டே தலையாட்டினார். புரொஜெக்டர் வழியாகச் சுவரில் அந்தப் புகைப்படம் விழுந்தது. வெறும் சுவர், அதற்கு முன்னால் தூக்கிய கைகள். சீருடைக் கையும் இருந்தது.

"அது நாங்க படம் போட்ட அன்னைக்கு எடுத்தது! ஆத்தைக் காப்பாத்தணும்னு தூக்கின கை!" என்று கத்தினார் இயக்குநர்.

அதிகாரி புகைப்படத்தை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி எதுவும் இதுல தெரியலையே. நீங்க இந்த ஊரா?"

"இல்ல. ஆனா..."

"அப்போ உக்காருங்க."

பிறகு, இன்னும் நின்றுகொண்டிருந்த படகுக்காரம்மாவிடம் திரும்பினார்.

"முன்வரிசையில ரெண்டு கையையும் தூக்கியிருக்கிறது நீங்கதானேம்மா?"