முழங்கால் தண்ணீரில் முதலாளி

"பயிர் வச்சது மொதலாளிதாங்கம்மா. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இருசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். வேளாண்மை அலுவலர் ஸ்ரீமதிக்கு வந்ததே கோபம்!

பின்னே? குமராட்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஒன்றரை ஏக்கரைப் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்கு எடுத்து உழுது, நட்டு, களை பறித்தது இருசம்மாள். கொள்ளிடத்துத் தண்ணீர் ஏறி சம்பா மொத்தமும் அழுகிப்போனபோது வயிற்றில் அடித்துக்கொண்டு அழுததும் அவள்தான். வெள்ள நிவாரணம் என்றதும் சிதம்பரத்திலிருந்து காரில் வந்து இறங்கியது மட்டும் நிலத்துக்காரர் சிலம்பரசன்.

"கேட்டீங்கல்ல மேடம்? அதுவே சொல்லுது. என் பேர்லயே எழுதிக்குங்க."

'உன் பேர்ல எழுதச் சொன்னே, அடுத்த போகம் நெலம் கெடையாது' என்று வந்ததுமே அவர் இருசம்மாளை மிரட்டியிருந்தார். நிவாரணம் வராவிட்டால் விதைக்கு வழியில்லை. நிலமே போய்விட்டால் பிழைப்பே இல்லை. என்ன செய்வாள், பாவம்!

ஸ்ரீமதி பையிலிருந்து போனை எடுத்தாள்.

"சரி சார். பயிர் வச்சவரு வயல்ல நிக்கிற மாதிரி போட்டோ வேணும். எறங்கி நில்லுங்க."

சிலம்பரசன் எதிரே பார்த்தார். வரப்பு, வாய்க்கால் எல்லாம் முழுகி, எங்கு பார்த்தாலும் ஒரே தண்ணீர். நிலமெல்லாம் அவர் அப்பாவோடு சரி. இவருக்குத் தெரிந்தது பொங்கலுக்கு வீடு தேடி வரும் நெல் மூட்டைதான்.

"ஏ இருசம்மா, எதும்மா நம்மது?" என்று கிசுகிசுத்தார்.

"அதோ, அந்தக் கரண்டு கம்பத்துக்கு இந்தாண்ட."

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். நின்றவர், பழக்கதோஷம், போனைப் பார்த்துச் சிரித்தார்.

"பயிர் போனவரு சிரிக்கக் கூடாது சார்!"

உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ஸ்ரீமதி போனை உற்றுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐயையோ! நீங்க நிக்கிற எடம் மேப்புல ஏரிப் பொறம்போக்குன்னு காட்டுதே சார். அரசாங்க ஏரியில பயிர் வச்சதா உங்க பேர்ல எழுதினா ஆக்கிரமிப்புக் கேஸ் வந்துடுமே!"

"ஏரியா?"

சிலம்பரசன் கரையேறிய வேகத்தில் ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

"நான் எங்க மேடம் பயிர் வச்சேன்? எல்லாம் இருசம்மாதான்! பன்னெண்டு வருஷமா குத்தகைக்கு அதுதான் வைக்குது. கேஸ்னா அது மேல போடுங்க!"

"அப்படியா? அதையே எழுதிக் குடுத்துடுங்க சார்."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். ஒற்றைச் செருப்போடு காரில் ஏறிப் பறந்தார்.

இருசம்மாள் ஸ்ரீமதியிடம் ஓடி வந்தாள்.

"ஏம்மா, நான் சரியாத்தானே காட்டுனேன்? உழுத எடம் எனக்குத் தெரியாதா? அது ஏரி இல்லம்மா, அவரு நெலந்தான்!"

ஸ்ரீமதி சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். திரை கருப்பாக இருந்தது.

"ஊர்ல நாலு நாளா கரண்டு ஏது? இது காலையிலயே அணைஞ்சுபோச்சு. இந்தாங்க, அவரே எழுதிக் குடுத்தது. நிவாரணம் உங்களுக்குத்தான். இனிமே நெலத்தையும் லேசுல புடுங்க முடியாது."

"அப்ப அந்த ஏரி?"

"அது அவரு நெலம்னு எனக்கும் தெரியும்மா. அவருக்குத் தெரியுமான்னுதான் பாத்தேன்!"