ஐந்திலிருந்து மூன்றுக்கு

வளைந்துபோன எஞ்சின் வால்வை மருமகனின் மூக்குக்கு நேராக நீட்டினார் ஓட்மார். "பாருடா. நல்லாப் பாரு. நீ பண்ணின கொலை இது."

யென்ஸ் பார்த்தான்.

ஷெட் வாசலில் ஒரு பழுப்புப் பெட்டி இருந்தது. ஓட்மார் அதைக் காலால் காட்டினார். "பேரப் பிள்ளைங்க துணிமணி, பொம்மை எல்லாத்தையும் கட்டி வைக்கச் சொல்லிட்டேன் உன் மாமியார்கிட்ட. உண்மையைச் சொன்னா பெட்டி உள்ள போகும். இல்லன்னா அதைத் தூக்கிட்டுப் போய்ட்டே இரு. அப்புறம் இந்தப் படி ஏறக் கூடாது. நீயும் சரி, என் மகளும் சரி."

கார்த் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க எஞ்சின் பூட்டிய ஆள் அவர். இரும்பை நம்புவார், மனுஷனை நம்ப மாட்டார்.

போன அக்டோபரில் முதுகு வைத்தியத்துக்காக வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்குப் போனார். கண்ட இடத்தில் நிறுத்தினால் எவனாவது கீறிவிடுவான் என்று, தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை இந்த ஷெட்டில் பூட்டிவிட்டு, மனைவி ரோஸ்விதாவின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது எஞ்சின் செத்துக் கிடந்தது. யென்ஸ் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தார்.

குளிர்காலம் முழுக்க அந்த எஞ்சினோடுதான் குடித்தனம். இறக்கி, பிரித்து, ஒவ்வொரு திருகாகத் துடைத்தார். தண்ணீரே இல்லாமல் காற்றிலேயே குளிர்கிற எஞ்சின் அது. ஆறு சிலிண்டர்களின் செதில்களையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். புது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் ரோஸ்விதாவின் சின்னக் காரை விற்றார்.

அவளைக் கேட்டுக்கொண்டெல்லாம் விற்கவில்லை. அவளும் சண்டைக்கு வரவில்லை. "எப்ப ஓடும்?" என்று மட்டும் அடிக்கடி கேட்டாள்.

இன்று மார்ச் ஒன்று. குளிர்காலத்தில் ரோட்டில் ஏறக் கூடாத நம்பர் பலகை அந்தக் காருக்கு. இன்றுதான் மறுபடி ஏறலாம்.

"இழுத்துட்டு வந்தது நான்தான் மாமா," என்றான் யென்ஸ். "ஓட்டினது நான் இல்ல."

"அப்ப யாரு? உங்க ஊரு ஹாம்பர்க் கடல்காத்து வந்து ஓட்டிச்சா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

ரோஸ்விதா காபித் தட்டோடு வந்தாள். அலமாரித் தட்டு எட்டவில்லை. தரையில் கிடந்த டயர் மேல் வைத்தாள். ஓட்மார் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நீ சொல்ல மாட்டே. நான் சொல்றேன், கேளு. மத்த கார்ல நாலாவது கியர் இருக்கிற இடத்துல இந்தக் கார்ல மூணாவது இருக்கு. தினமும் வேற வண்டி ஓட்டிப் பழகின கை அது. பறக்கிற வேகத்துல அஞ்சுலேர்ந்து நாலுக்குப் போறோம்னு நெனச்சு மூணுல போட்டிருக்கு. எஞ்சின் தாறுமாறாச் சுத்தி, வால்வு போய்ப் பிஸ்டன்ல முட்டிடுச்சு. இரும்பு பொய் சொல்லாதுடா."

"நான் எதுவும் சொல்றதுக்கில்ல மாமா."

"சீட்டு வேற முன்னாடி இழுத்திருந்தது. நான் உக்காந்தா முட்டி இடிக்குது. உன் குட்டைக் காலுக்குத்தான் அது சரியா இருக்கும்."

"என் காலைப் பத்திப் பேசாதீங்க."

"பேசினா என்ன பண்ணுவே? எட்டி உதைக்கக்கூட எட்டாது."

சொல்லிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார். இடது கையால் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை இருமியது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. பின்னால் காற்றாடி சீராக இரைந்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு உரசல் இல்லை.

"ஓடுதா?" என்றாள் ரோஸ்விதா.

"காது கேக்கலையா? ஓடுது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டணும். விரட்டினா மறுபடி செத்துடும்." எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினார். வளைந்த வால்வு இன்னும் கையில்தான் இருந்தது. "கடைசியாக் கேக்கறேன், யென்ஸ். சொல்றியா, பெட்டியைத் தூக்கறியா?"

யென்ஸ் ரோஸ்விதாவைப் பார்த்தான். பிறகு போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"அதைக் கீழ வைப்பா," என்றாள் அவள். "பிள்ளைங்க துணி மாடியில இருந்த இடத்துலேயே இருக்கு. இது என் பெட்டி."

தானே அதைத் தூக்கி வந்தாள். அந்தக் காரில் சாமான் வைக்கிற இடம் முன்பக்கம்தான்; அதன் மூடியைத் திறந்து உள்ளே வைத்து, மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"ஓட்டினது நான்," என்றாள். "வாயைத் திறக்காதேன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்."

ஓட்மாருக்குச் சிரிப்புதான் வந்தது. "நீயா? அவ்வளவு வேகமா எங்க போனே?"

"உங்களை விட்டுட்டுப் போனேன். பாதி வழியில வண்டி நின்னு போச்சு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ரோஸ்விதா காரில் ஏறினாள், சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கி அவர் கையிலிருந்த வால்வை ஒரு தடவை பார்த்தாள்.

"கவலைப்படாதீங்க. இந்தத் தடவை மெதுவாத்தான் போவேன்."