மூன்று கூட்டத்துக்கு வராதவர்

கூட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆனால் கூட்டக் குறிப்பு முழுதாக முடிந்து, செயலாளர் ராமதாஸின் கையில் தயாராக இருந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பதினாலு வருஷமாக அவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சனிக்கிழமையே எழுதி முடித்துவிடுவார். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எந்த இடத்தில் கைதட்டினார்கள் என்பது வரைக்கும். ஒரு தடவை கூட்டமே நடக்கவில்லை. குறிப்பில் மட்டும் காரசாரமான விவாதம் நடந்தது.

இன்றைய குறிப்பில் ஐந்தாவது வரி: 'திருமதி கமலாம்பிகை குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஏகமனதாக.'

கடலைப் பார்த்த ஹோட்டலில் ஏர்கோன் அறை. ஆயர் ஈத்தாம் 'கருணை இல்லம்' முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழு மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் வந்தாயிற்று.

தலைவர் ஸ்ரீகரனை எல்லோரும் 'டத்தோ' என்பார்கள். பட்டம் இன்னும் வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் வந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

"நல்ல உறுப்பினருக்கு மூணு கடமை," என்றார், ஜாதிக்காய் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே. "கோர்ஸ் போயி சர்ட்டிபிகேட் வாங்கினவன் சொல்றேன்லா. கூட்டத்துக்கு வரணும். பேப்பரைப் படிக்கணும். கேள்வி கேக்கணும். இந்த அம்மா மூணாவதை மட்டும்தான் செய்யுது."

உண்மைதான். ஆண்டுக்கூட்டத்தில் தேர்வான அன்றே கமலாம்பிகை எழுந்து கேட்டுவிட்டார்: "நம்ம இல்லத்துல இருக்கிற துளசியம்மா குளியலறையில வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டாங்க. கைப்பிடிக் கம்பி போடணும்னு மூணு தீர்மானம் போட்டிருக்கீங்க. கம்பி எங்க?"

"பரிசீலனையில் இருக்கு," என்றார் டத்தோ.

அதன் பிறகு நடந்த மூன்று மாதாந்திரக் கூட்டத்துக்கும் கமலாம்பிகை வரவில்லை.

கதவு திறந்தது. கையில் குடையும் ஒரு பிளாஸ்டிக் பையுமாகக் கமலாம்பிகை வந்தார்.

"பஸ் லேட்டு தம்பி," என்றார் ராமதாஸிடம். "நீங்க போன் பண்ணி ஹோட்டலுக்கு வரச் சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியல."

"உக்காருங்கக்கா."

"உக்கார வேணாம், சீக்கிரம் முடிஞ்சிரும்," என்றார் டத்தோ. "ராமதாஸ், விதி பதினொண்ணை வாசிங்க."

ராமதாஸ் வாசித்தார். "அறிவிப்புக் கடிதத்தில் கண்ட இடத்துக்கு, தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் பதவி தானாகவே காலியாகும்."

"தானாகவே!" டத்தோ மேசையைத் தட்டினார். "ஓட்டு வேணாம், பேச்சு வேணாம். விதின்னா விதி. நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

கமலாம்பிகை பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து ராமதாஸிடம் நீட்டினார். "இடம் என்ன போட்டிருக்கு, வாசிங்க தம்பி."

ராமதாஸ் முதல் கடிதத்தைப் பிரித்தார்.

பதினாலு வருஷமாகத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிற கடிதம் அது. 'இடம்: கருணை இல்லம், ஆயர் ஈத்தாம்.' அங்கே ஏர்கோன் இல்லையென்று கூட்டம் ஹோட்டலுக்கு மாறிய சங்கதி வாட்ஸ்அப்புக்குத் தெரியும், கடிதத்துக்குத் தெரியாது. அக்காவிடம் இருப்பதோ பட்டன் போன். டத்தோ கையெழுத்துப் போட்ட பழைய கூட்டக் குறிப்புகளிலும் அதே இடம்தான்.

"மூணு தடவையும் சொன்ன நேரத்துக்கு அங்க போயிட்டேன். ஒருத்தரையும் காணோம். தம்பிக்குப் போன் பண்ணேன், எடுக்கல. மீட்டிங்ல இருந்திருப்பீங்க."

யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள்.

"இதுக்கெல்லாம் சாட்சி?" என்றார் டத்தோ.

பையிலிருந்து ஒரு நீள நோட்டு வெளியே வந்தது. இல்லத்துக் காவலுக்கு இருக்கும் ஜாகா ஷேக் அலாவுதீன் கேட்டில் வைத்திருக்கும் வருகைப் புத்தகம்; அவரிடமே கேட்டு வாங்கி வந்திருந்தார். எமனே வந்தாலும் பேரும் அடையாள அட்டையான ஐசியின் நம்பரும் எழுதாமல் ஷேக் உள்ளே விடமாட்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கமலாம்பிகையின் பெயர் இருந்தது. மற்ற ஆறு பெயரைத் தேடி ராமதாஸ் பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். ஆறு பேரும் தீபாவளிக்குப் படம் எடுக்கப் போன அன்றுதான் கடைசி.

"அங்க தனியா உக்காந்து என்னதான் செஞ்சீங்க?" டத்தோவின் குரல் இறங்கியிருந்தது.

"சும்மா எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது? முதல் கூட்டத்துல குளியலறைச் சுவரை அளந்தேன். ரெண்டாவது கூட்டத்துக்கு வெல்டிங் கடை கமாலைக் கூட்டிட்டுப் போயி கம்பி போட்டாச்சு. மூணாவது கூட்டத்துல துளசியம்மா அதைப் பிடிச்சுக்கிட்டுத் தனியாக் குளிச்சாங்க."

டத்தோ ஜூஸ் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"சரி, சரி. நாம எல்லாம் ஒரே குடும்பம்," என்றார் டத்தோ. "ராமதாஸ், விதி பதினொண்ணை இன்னிக்கு ஒத்தி வைங்க."

"முடியாதே டத்தோ. நமக்கும் அதே விதிதான், 'தானாகவே'ன்னு போட்டிருக்கே."

சொன்ன பிறகுதான் ராமதாஸுக்கே உறைத்தது. பதினாலு வருஷத்தில் குறிப்பில் எழுதாத ஒன்றை அவர் கூட்டத்தில் பேசியது இதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து, பரிமாறுகிற ரூபினி சுடச்சுடக் கறிபாப் பலகாரத் தட்டோடு வந்து நின்றாள்.

"அண்ணே, கமிட்டி மெம்பருக்கு மட்டும்னு சொன்னீங்க. எத்தனை பேருக்கு வைக்கட்டும்?"

ராமதாஸ் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கையிலிருந்த குறிப்பை இரண்டாகக் கிழித்தார்.

"ஒருத்தருக்குதான்மா. அந்த அக்காவுக்கு வை," என்றார். "எனக்குக்கூட வேணாம்."