வாழ்வு கொடுத்தவர்

பூங்கோதைக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் புருஷன் சற்குணம் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டமான காலிபரின் தோல்வார்களை ஒவ்வொன்றாக அவிழ்ப்பான். வார் அழுந்திய தடத்தில் உதட்டை வைப்பான். "இந்தக் காலைப் பாத்துத்தான் எனக்கு உம்மேல ஆசையே வந்துச்சு" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னவன். முதலில் அவளுக்குக் கூசியது. இதற்கெல்லாம் என்ன பேரோ, கிறுக்கோ என்று பயந்தாள். பிறகு, தன்னை ஆசைப்பட்டுக் கேட்டவன் இவன் ஒருவன்தானே என்று அந்தக் கூச்சத்தையே யாருக்கும் காட்டாத நகைபோல வைத்துக்கொண்டாள்.

இன்று ஊர் நற்பணி மன்ற விழாவில் அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு வாழ்வு கொடுத்த உத்தமர்" என்று தலைவர் முழங்கிப் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் இருந்த பூங்கோதை, அவன் மறுத்துப் பேசுவான் என்று காத்திருந்தாள். பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை போதும். சற்குணம் மைக்கை வாங்கினான்.

"ஏதோ என்னால முடிஞ்சது" என்று கைகூப்பினான்.

கூட்டம் கைதட்டியது. பக்கத்து நாற்காலி அம்மாள், "நீ குடுத்து வச்சவ" என்று அவள் கையைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், தோளில் பொன்னாடையோடேயே அவன் தரையில் உட்கார்ந்து வாருக்குக் கை நீட்டினான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. பொன்னாடை அழுக்காயிடும்."