இரண்டாம் சாட்சி

ஆர்லோ உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். டெல்ஃபின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

கனமான கதவு. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, சாதாரணக் காதுகளுக்கு.

டெல்ஃபினுக்கு மூன்று தெரு தள்ளி ஒருவன் காலுறை மாற்றுவது கேட்கும். விசாரணைக் குழுவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இத்தனைக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போகும் சாப்பாட்டு டப்பாவிலேயே ‘நுண்செவி’ என்று அவள் படம் இருந்தது. ஐவர் படையில் ஐந்தாவது ஆள். டப்பாவின் கொக்கி சரியாக அவள் முகத்தின் மேல்தான் வந்து விழும்.

ஆர்லோ இரண்டாவது ஆள். உடம்பெல்லாம் கல். முதல் ஆள் பேரொளி. அவர் பறப்பார்.

மார்ச் மாதம் ஈரி ஏரியில் பயணிகள் படகு கவிழ்ந்தபோது மூவரும் கலங்கரை விளக்கத்தின் மேல் நின்றிருந்தார்கள். “பொறுங்க” என்றார் பேரொளி. படம் பிடிக்கிற ஹெலிகாப்டர் இன்னும் வரவில்லை.

அது வருவதற்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. படகில் இருந்தது முப்பத்தாறு பேர்.

முதல் ஆறு நிமிடம் டெல்ஃபினுக்கு எல்லோருடைய குரலும் கேட்டது. பிறகு ஒன்றொன்றாகக் குறைந்தது.

மூன்று வாரம் முன்பு, நெடுஞ்சாலை ஓரத்துப் பான்கேக் கடையில், ஆர்லோதான் பேச்சை எடுத்தான். “ஒருத்தர் மட்டும் சொன்னா பொய்யன்னு முடிச்சிடுவாங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா அந்த ஆளு அன்னிக்கே காலி. என்ன சொல்ற?”

சரி என்றாள். கை கொடுத்தாள். அவன் அதை முட்டையைத் தொடுவதுபோல் பிடித்துக் குலுக்கினான்.

இப்போது அவன் உள்ளே இருக்கிறான். அவன் என்ன சொல்கிறான் என்பதில்தான் அவளுடைய மீதி வாழ்க்கை இருந்தது.

“டெல், கேக்குதா?” அவன் முணுமுணுப்பது கேட்டது. அவளால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தும், எங்கிருந்தாலும் அவளிடம் இப்படிப் பேசிக்கொண்டே இருப்பது அவனுடைய ஒன்பது வருடப் பழக்கம். “காலு நடுங்குதுடி. கருங்கல்லுக்குப் போய் கால் நடுங்குமான்னு சிரிக்காத.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரு டோனட் எடுத்துக்கோ கண்ணு,” என்று பக்கத்திலிருந்த மார்சி பெட்டியை நீட்டினாள். ஐவர் படையை நடத்தும் நிறுவனத்தின் வழக்கறிஞர். ஐவரில் யார் எங்கே சாட்சி சொல்லப் போனாலும் கூடவே வருவாள். “வெறும் வயித்தோட சத்தியம் பண்ணா தலை சுத்தும்.”

டெல்ஃபின் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளே சத்தியப் பிரமாணம் முடிந்தது. பெயர், வயது, பணி. பிறகு அந்தக் கேள்வி: “படகு கவிழ்ந்ததை நேரில் பார்த்தும் ஏன் உடனே போகவில்லை?”

ஆர்லோவின் நாற்காலி கிரீச்சிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரொளி ஆப்பிள் பை எடுத்துக்கொண்டு ஆர்லோ வீட்டுக்குப் போயிருந்தார். அவனுடைய இரண்டு பெண்களையும் தோளில் ஏற்றிக்கொண்டு கூரைக்கு மேலே நெடுநேரம் வட்டமடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. டெல்ஃபின் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

‘ஆர்லோ, தயவுசெய்து,’ என்று மனதுக்குள் சொன்னாள். கடவுளை நம்பாதவள், கடவுளிடமும் ஒரு தடவை சொல்லிவைத்தாள்.

“பேரொளி பொறுக்கச் சொன்னாரு,” என்றான் ஆர்லோ.

அதன்பின் அவன் நிறுத்தவில்லை. ஹெலிகாப்டர், பதினொரு நிமிடம், அதற்குள் பேரொளி இரண்டு முறை தலை வாரிக்கொண்டது, எல்லாம் சொன்னான். “நானும்தான் நின்னேன். ஏரிக்கு அடியில நடந்தே போயிருக்கலாம். போகல. அதையும் எழுதிக்கோங்க” என்றான்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பேனாக்கள் ஓடின.

பிறகு, அவளுக்கு மட்டும்: “சொல்லிட்டேன் டெல். அப்பாடா! நீயும் வந்து சொல்லிடு, ரெண்டு பேருமா வீட்டுக்குப் போயிடலாம்.”

டெல்ஃபின் கண்களைத் திறந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

“என்ன சொன்னான்?” என்று கேட்டாள் மார்சி.

“எல்லாத்தையும்.”

மார்சி பெருமூச்சு விட்டாள். விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தாள். உள்ளே இரண்டு வாக்குமூலங்கள் இருந்தன. இரண்டிலும் வெள்ளிக்கிழமையே டெல்ஃபின் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஒன்று, ஆர்லோ வாயைத் திறக்காவிட்டால். அதில் யார் மேலும் குற்றம் இல்லை. காற்று பலமாக இருந்தது, அவ்வளவுதான். மார்சி அதைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மற்றதை டெல்ஃபினின் மடியில் வைத்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டு நீயும் எவ்வளவோ வேண்டிக்கிட்ட,” என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “அவன் கொஞ்சம் பயந்திருந்தா ரெண்டு பேருக்குமே நல்லா இருந்திருக்கும். போ கண்ணு. இனிமே நீதானே ரெண்டாவது ஆள்.”

உள்ளே ஆர்லோவைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நகர்ந்து, பக்கத்து நாற்காலியிலிருந்த தன் தொப்பியை எடுத்து அவளுக்கு இடம் வைத்தான்.

டெல்ஃபின் கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள்.

“பொறுக்கச் சொன்னது யார்?”

“ஆர்லோ,” என்றாள்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, முழுப் பெயரையும் சொல்லும்படி கேட்டார். சொன்னாள்.